பேருந்து வருவதற்குள் வேலை முடிக்கும் செயலிகள்

ஒரு கையில் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய கீரைக்கட்டும் மீன் பையும், இன்னொரு கையில் கைப்பேசி, பேருந்து வர இன்னும் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில், கட்டைவிரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வேலையை முடித்துத் தருகிறதா? அப்படியென்றால் அந்தச் செயலி என் கைப்பேசியில் இருக்கலாம். பதிவு செய், மின்னஞ்சலை உறுதிப்படுத்து, முப்பது நொடி விளம்பரம் பார் என்று இழுத்தடித்தால் வெளியே போகட்டும்.

இப்படி ஒரு கணக்கு எனக்கு முன்பெல்லாம் கிடையாது. ஒருநாள் காப்பிக்கடையில் பரோட்டாவுக்குப் பணம் கட்டப் போனால் திரையில் ‘சேமிப்பிடம் இல்லை’ என்று வந்து நின்றுவிட்டது. கையில் சில்லறை இல்லை. பின்னால் வரிசையில் நின்ற மாமி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கே அன்றிரவு உட்கார்ந்து பாதிக்கு மேல் அழித்தேன். அழித்தபிறகு மிஞ்சியவை, அப்புறம் அம்மாவின் கைப்பேசியிலும் போட்டுக்கொடுத்தவை, இவற்றைத்தான் இங்கே சொல்கிறேன். நான் தனியாகச் சொல்லாதவரை எல்லாம் இலவசம், ஆண்டிராய்டு ஐபோன் இரண்டிலும் உண்டு.

முதலில் இடம் காலி பண்ணுங்கள்

புதிதாக எதையும் இறக்குவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். கைப்பேசி நிரம்பியதற்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் எடுத்த படங்கள் அல்ல, காலை ஏழு மணிக்குக் குடும்பக் குழுவில் விழும் ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாப்பூக்கள்தான். வாட்ஸ்அப் அமைப்புகளுக்குள் போய், சேமிப்பிடம் பற்றிய பகுதியைத் திறந்து, சேமிப்பை நிர்வகிக்கும் இடத்தைத் தட்டினால், பலமுறை பகிரப்பட்டவை தனியாகவும் 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாகவும் குவித்து வைத்திருக்கும். பலமுறை பகிரப்பட்டவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம், அதில் உங்கள் குழந்தையின் படம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெரிய கோப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அம்மாவின் கைப்பேசியில் இந்த ஒரு வேலையிலேயே 11 ஜிபி காலியானது. கையோடு அதே பகுதியில் படங்களும் காணொளிகளும் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். வேண்டியதைத் தட்டினால் இறங்கிக்கொள்ளும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஆண்டிராய்டு வைத்திருப்பவர்களுக்கு கூகலின் ஃபைல்ஸ் செயலி போதும். ஒரே படம் இரண்டு மூன்று தடவை இருந்தால் காட்டும், நெடுநாள் தொடாத செயலிகளைக் காட்டும். ‘கிளீனர்’, ‘பூஸ்டர்’ என்று விளக்குமாறு படம் போட்டுக்கொண்டு வருபவை பக்கம் போகாதீர்கள். நான் போனேன். ‘உங்கள் கைப்பேசி மெதுவாக இருக்கிறது’ என்று ஒரு விளம்பரம் பயமுறுத்த, தட்டிவிட்டேன், அதற்கப்புறம் இரண்டு வாரம் பூட்டுத்திரையைத் திறந்தாலே விளம்பரம்தான். குப்பை அள்ள வந்தவன் குப்பையைக் கொட்டிவிட்டுப் போன கதை.

பாட்டு, படம், வானொலி, புத்தகம்

இதில் முதலிடம் விஎல்சிக்கு. ஆரஞ்சு நிறப் போக்குவரத்துக் கூம்பு படம் போட்டது. 1996இல் பாரிஸ் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை, இன்றைக்கும் விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது. வீட்டில் ஒரு திருமணக் காணொளி இருந்தது, என் அக்காவுடையது, விஎச்எஸ் நாடாவில் இருந்ததைக் கடையில் கொடுத்துக் கோப்பாக மாற்றி வாங்கினோம். கைப்பேசியில் ஏற்றினால் படத்தொகுப்பு அதைத் திறக்கவே மறுத்தது, ‘இந்த வடிவம் ஆதரிக்கப்படவில்லை’ என்று ஒரே பல்லவி. விஎல்சியில் தட்டினேன், நாதஸ்வரத்தோடு ஆரம்பித்துவிட்டது. பழைய குறுந்தட்டிலிருந்து எடுத்த பாட்டு, பள்ளி ஆண்டுவிழா வட்டு, எந்தக் காலத்துக் கோப்பாக இருந்தாலும் பெரும்பாலும் விழுங்கிவிடும்.

ஐபோனில் கோப்பை ஏற்றுவதுதான் பலருக்குத் தகராறு. கம்பி வேண்டாம். விஎல்சிக்குள் வைஃபை வழியாகப் பகிர்வதற்கு ஒரு பொத்தான் இருக்கும், அதைப் போட்டால் எண்களால் ஆன ஒரு முகவரி காட்டும். வீட்டு மடிக்கணினியில் உலாவியைத் திறந்து அந்த முகவரியை அப்படியே தட்டுங்கள், ஒரு பக்கம் வரும், கோப்பை இழுத்து அதில் போட்டால் கைப்பேசிக்குப் போய்விடும். கணினியும் கைப்பேசியும் ஒரே வைஃபையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். வசன வரிகள் வேண்டுமா, படத்தின் கோப்புக்கு என்ன பெயரோ அதே பெயரை வசனக் கோப்புக்கும் வைத்து ஒரே இடத்தில் போடுங்கள், தானாகப் பிடித்துக்கொள்ளும். உதடு ஒரு பக்கம் வசனம் ஒரு பக்கம் என்று ஓடினால் நேரத்தை முன்பின் தள்ளவும் வழி உண்டு. இன்னொன்று, தூக்க நேரம் குறிக்கும் வசதி. முப்பது நிமிடம் என்று வைத்துவிட்டுப் படுத்தால் தானே நின்றுவிடும். பழைய பாட்டு கேட்டால்தான் தூக்கம் வரும் என்பவர்கள் வீட்டில் இருந்தால் இந்த ஒன்றுக்காகவே போட்டுக்கொடுக்கலாம்.

உள்ளூர் நிகழ்ச்சிகளுக்கு ஒளிபரப்பு நிறுவனமான மீடியாகார்ப்பின் இரண்டு செயலிகள். மீவாட்ச்சில் வசந்தம் தொலைக்காட்சி நேரலையாகவும் வரும், தவறவிட்ட தொடர்களையும் பார்க்கலாம். 2020 வரை அதற்கு டாகிள் என்று பெயர், இன்றும் எங்கள் வீட்டில் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். மீலிசனில் ஒலி 968 வானொலி. எனக்கு இரண்டில் மீலிசன்தான் அதிகம் உதவுகிறது, ஏனென்றால் ஒலி தரவை அவ்வளவாகத் தின்னாது. நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் ஒரு வானொலி வருகிறது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு ஏறக்குறைய 58 எம்பி, தினம் ஒரு மணி நேரம் எம்ஆர்டி ரயிலில் கேட்டாலும் மாதத்துக்கு 2 ஜிபியைத் தொடாது. அதே ஒரு மணி நேரத்தை யூடியூபில் பாட்டு ‘கேட்டு’ப் பாருங்கள், திரையில் யாரோ ஆடுவதற்கும் சேர்த்து நீங்கள்தான் தரவு கொடுக்கிறீர்கள்.

அடுத்தது, நிறையப் பேர் வைத்திருந்தும் பயன்படுத்தாத தேசிய நூலக வாரியத்தின் செயலி. நூலகத்துக்குப் போய், புத்தகத்தை எடுத்து, இயந்திரத்தின் முன்னால் வரிசையில் நிற்பதை நீங்கள் இன்னும் செய்துகொண்டிருந்தால், வேண்டாம். செயலியைத் திறந்து, இரவல் பொத்தானைத் தட்டி, புத்தகத்தின் பட்டைக்குறியைக் கேமராவில் காட்டினால் உங்கள் கணக்கில் ஏறிவிடும், அலமாரிப் பக்கத்திலேயே நின்றுகொண்டு முடித்துவிடலாம். பட்டைக்குறியில் ஒன்று கவனியுங்கள். புத்தகத்தின் பின்னட்டையில் பதிப்பாளர் போட்ட விலைக் குறி ஒன்று இருக்கும், நூலகம் ஒட்டியது வேறு. முதல்முறை நான் தப்பான குறியைக் காட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன்.

மின்னூலுக்கு லிபி என்ற செயலி இருக்கிறது, தமிழ்க்காதுக்கு ‘எழுத்து’ என்று பொருள்படும் பெயர், தற்செயல்தான். திறந்ததும் எந்த நூலகம் என்று கேட்கும், நம் தேசிய நூலக வாரியத்தைத் தேர்ந்தெடுத்து, நூலகக் கணக்கை வைத்து நுழையவேண்டும். தேடும் இடத்தில் மொழியைத் தமிழ் என்று வடிகட்டினால் தமிழ் நூல்கள் மட்டும் வரும். வைஃபை இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொண்டால் விமானத்திலும் படிக்கலாம். 21 நாள் கழித்துத் தானாகத் திரும்பிப் போய்விடும், தாமதம் என்ற பேச்சே இல்லை. எழுத்தின் அளவைப் பெரிதாக்க முடியும் என்பதால், அச்சுப் புத்தகம் கண்ணுக்குச் சிரமம் என்று படிப்பதை விட்டுவிட்ட என் மாமாவுக்கு இதைப் போட்டுக்கொடுத்தேன். இப்போது அவர் மொத்தமாக முன்பதிவு போட்டு வைத்துவிட்டு எப்போது வரும் என்று என்னைக் கேட்கிறார், நான் என்ன நூலகரா.

செய்திக்குத் தமிழ் முரசு செயலி. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய நாளிதழ், கைப்பேசியில் காலைக் காப்பிக்கு முன்னால் தலைப்புகளை ஓட்டிவிடலாம். அறிவிப்புகளை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், எந்தச் செய்திச் செயலியானாலும் இதே யோசனைதான்.

தமிழில் தட்டுவது

தங்கிலீஷில் ‘வீட்டுக்கு எப்ப வர்றே’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புகிறவர்களைக் குறை சொல்லமாட்டேன், நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் கைப்பேசியில் தமிழ் வந்த கதையில் நம் ஊருக்குப் பங்கு உண்டு என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கேதான் நடந்தது, முன்னின்று நடத்தியவர் நம் நா. கோவிந்தசாமி. கைப்பேசிக்கான செல்லினம், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது, 2005 பொங்கலன்று வெளியீடு கண்டதும் சிங்கப்பூரில்தான். அது இன்றும் கிடைக்கிறது. ஐபோனில் தனியாக ஒன்றும் இறக்கவேண்டியதில்லை, அமைப்புகளில் விசைப்பலகை என்ற இடத்தில் தமிழைச் சேர்த்தால் ‘தமிழ் 99’, ‘அஞ்சல்’ இரண்டும் அதிலேயே வந்துவிடும்.

எதை எடுப்பது? ‘அம்மா’ என்று அடித்துப் பாருங்கள். அஞ்சலில் ஆங்கில எழுத்து ஓசைப்படி ஏ, எம், எம், ஏ, ஏ என்று ஐந்து தட்டு. தமிழ் 99இல் அ, ம, ம, ஆ, நான்கே தட்டு, நடுவில் விழவேண்டிய புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். உயிரெழுத்தெல்லாம் இடப்பக்கம், மெய்யெழுத்தெல்லாம் வலப்பக்கம். ஒரு தட்டுதானே மிச்சம் என்று தோன்றும், ஒரு பத்தி அடித்தால் புரியும். முதல் நான்கு நாள் எரிச்சலாக இருக்கும், ஐந்தாம் நாள் விரல் தானாகப் போகும். பழக நேரமில்லை, ஆங்கில ஓசையே போதும் என்றால் அஞ்சலே இருக்கட்டும், இதற்கு ஏன் சண்டை.

தட்டவே வேண்டாம், பேசிவிடுகிறேன் என்பவர்களுக்கு கூகலின் ஜிபோர்டு. மொழிகளில் தமிழைச் சேர்க்கும்போது கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்கள், குரல் தட்டச்சில் தமிழ் என்பது ஒன்றல்ல, இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று தனித்தனியாக உண்டு. சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்த பிறகு அம்மா ‘ஈசூன்ல எறங்கிட்டேன்’ என்று சொன்னது ஒழுங்காக விழுந்தது. அது அந்தத் தேர்வினாலா, அம்மா அன்று நிறுத்தி நிதானமாகப் பேசியதாலா என்று அடித்துச் சொல்லமாட்டேன். விரலால் திரையில் எழுதினால் எழுத்தாக மாற்றித் தரும் வசதியும் ஆண்டிராய்டு ஜிபோர்டில் இருக்கிறது, வயதானவர்களுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கிறது.

வெளியே கிளம்பினால்

பேருந்து நேரம் காட்டும் செயலிகள் டஜன் கணக்கில் இருக்கின்றன. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மைடிரான்ஸ்போர்ட் இருக்கிறது, எஸ்ஜி பஸ்லே என்று பெயரிலேயே சிங்லிஷ் பேசும் ஒன்று இருக்கிறது, கூகல் வரைபடமும் காட்டும். எது துல்லியம் என்று கேட்டு அலையவேண்டாம், பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் தகவல் வருவது ஆணையத்தின் ஒரே ஊற்றிலிருந்துதான். எதில் எழுத்து பெரிது, எதில் விளம்பரம் குறைவு என்று மட்டும் பாருங்கள். நிறுத்தத்தின் கம்பத்தில் ஐந்து இலக்க எண் இருக்கும், அதைத் தட்டித் தேடி, உங்கள் வீட்டுக்கு எதிரே ஒன்று, வேலையிடத்துக்கு வெளியே ஒன்று, இரண்டை மட்டும் விருப்பப்பட்டியலில் போடுங்கள். நிறத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பச்சை என்றால் இருக்கை காலி, மஞ்சள் என்றால் நிற்க இடமுண்டு, சிவப்பு என்றால் நெரிசல். சிவப்பில் ஒன்று வருகிறது, நான்கு நிமிடம் கழித்துப் பச்சையில் ஒன்று வருகிறது என்று தெரிந்தால், கையில் மீன் பையோடு நான் நான்கு நிமிடம் நிற்பேன்.

பேருந்து, ரயில் கட்டணக் கணக்குக்கான சிம்பிளிகோ செயலி எல்லாருக்கும் தேவைப்படாது. பழைய அட்டையை விட்டு எல்லாரும் மாறவேண்டும் என்று வந்த அறிவிப்பு 2024 ஜனவரியில் எவ்வளவு பேச்சைக் கிளப்பியது, பிறகு அதே மாதம் கைவிடப்பட்டது என்பது நினைவிருக்கும். நீங்கள் சிம்பிளிகோ அட்டையோ வங்கி அட்டையோ தட்டிப் போகிறவரென்றால் எவ்வளவு கழிந்தது என்பது நுழைவாயில் திரையில் தெரியாது, செயலியில் அட்டையைச் சேர்த்து வைத்தால்தான் பயண வாரியாகத் தெரியும். பழைய அட்டையில் மீதித் தொகையைக் கண்ணால் பார்த்துப் பழகிய எங்கள் அம்மா அதிலேயே இருக்கிறார், நானும் மாற்றச் சொல்லவில்லை.

மழைக்கு, தேசிய சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி. வெளிநாட்டு வானிலைச் செயலிகள் நம் ஊருக்கு வருடம் முழுக்க இடி மின்னல் படத்தையே போட்டு வைத்திருக்கும், அதனால் ஒரு பயனும் இல்லை. இங்கே ஜூரோங்கில் கொட்டும்போது பிடோக்கில் வெயில் அடிக்கும். இதில் மழைமேகம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று வரைபடத்தில் ஓடிக் காட்டும், வட்டாரவாரியாக அடுத்த இரண்டு மணி நேர முன்னுரைப்பும் உண்டு. விடியற்காலையில் மேற்கிலிருந்து அடித்துக்கொண்டு வரும் ‘சுமத்ரா’ காற்றுமழையை இந்தப் படத்தில் பார்த்தால் ஒரு கோடு போட்டதுபோல் தீவைக் கடந்து கிழக்கே போகும். துணி காயப்போடுவதா வேண்டாமா என்பதை நான் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். புகைமூட்டக் காலத்தில் காற்றுத்தரக் குறியீடும், கொசு மருந்து அடிக்கும் காலத்தில் டெங்கிக் குழுமங்களும் இதே செயலியில்.

கார் வைத்திருப்பவர்களுக்கு பார்க்கிங் டாட் எஸ்ஜி பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2017இல் வந்தபிறகு கூப்பனைக் கிழிக்கும் பழக்கமே போய்விட்டது, நிமிடக் கணக்கில்தான் கட்டணம், சீக்கிரம் கிளம்பினால் நிறுத்திவிட்டு மீதியைத் திரும்பப் பெறலாம், கடையில் இருந்துகொண்டே நேரத்தை நீட்டிக்கலாம். நிறுத்த மறப்பதுதான் ஒரே ஆபத்து.

ஜோகூருக்குப் போய் வருகிறவர்கள் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் மைஐசிஏ போடுங்கள். 2024 மார்ச்சிலிருந்து உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் காரில் போகிறவர்கள் கடப்பிதழுக்குப் பதில் கியூஆர் குறியைக் காட்டலாம், பத்துப் பேர் வரை ஒரே குறியில் சேர்க்கலாம். குறியை வீட்டிலேயே உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள், பாலத்து நெரிசலில் தேடாதீர்கள். கடப்பிதழையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், மலேசியப் பக்கம் வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா, மாமியார் வருகிறார்கள் என்றால் சிங்கப்பூர் வருகை அட்டையையும் இதிலேயே நிரப்பலாம், வந்து சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள். இதற்குக் கட்டணம் கிடையாது, கிடையவே கிடையாது. இரண்டு முறை சொல்கிறேன் என்றால் காரணம், நான் தேடுபொறியில் முதலில் வந்த ஏதோ ஒரு தளத்தில் என் மாமியாருக்காக அறுபது வெள்ளி கட்டியவன். தளம் பார்க்க அரசாங்கத் தளம் போலவே இருந்தது. மாமியாருக்கு இன்றுவரை தெரியாது.

பணமும் சிங்பாஸும்

அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாஸ் எல்லாரிடமும் இருக்கிறது, அதைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. செயலிக்குள் மொழியை மாற்றுங்கள், பெற்றோருக்குப் பாதிக் குழப்பம் தீரும். உள்ளே இருக்கும் மின்னிலக்க அடையாள அட்டையைப் பெரும்பாலான அரசாங்க அலுவலகங்கள் ஏற்கின்றன, பலதுறை மருந்தகத்தில் பதியும்போது பணப்பையைத் துழாவவேண்டாம். ஒரு கட்டுப்பாடு மட்டும் வையுங்கள். வேறு யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சிங்பாஸ் கியூஆர் குறியை எந்தக் காரணத்துக்காகவும் ஸ்கேன் செய்யாதீர்கள், கருத்தாய்வு, இலவசப் பரிசு, வேலை, எதுவாக இருந்தாலும் சரி. அது உங்கள் பெயரில் மோசடிக்காரன் கதவைத் திறப்பது.

வீடுகளுக்கு அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டுக்குச் செயலியே வேண்டாம். வீட்டில் ஒருவர் சிங்பாஸ் வழியாகப் பெற்றுக்கொண்டால் எஸ்எம்எஸ்ஸில் இணைப்பு வரும், அந்த இணைப்பைக் குடும்பத்துக்குள் பகிரலாம், கடையில் இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி, பத்து வெள்ளிச் சீட்டுகளைத் தேர்ந்தெடுத்துக் குறியைக் காட்டவேண்டியதுதான். குழப்பம் எங்கே வருகிறதென்றால் அந்த எஸ்எம்எஸ் வாட்ஸ்அப் ரோஜாக்களுக்குக் கீழே எங்கோ புதைந்துவிடும். இணைப்பைத் திறந்து, உலாவியிலிருந்து முகப்புத் திரையில் ஒரு சின்னமாகச் சேர்த்துவிடுங்கள். பார்க்கச் செயலி மாதிரியே இருக்கும், தேடவேண்டாம்.

ஊருக்குப் பணம் அனுப்ப: 2023 பிப்ரவரி 21 முதல் இங்குள்ள பணமாற்று முறையான பேநவ்வும் இந்தியாவின் யுபிஐயும் இணைந்திருக்கின்றன. டிபிஎஸ் வங்கிச் செயலியில், ஊரில் இருப்பவரின் யுபிஐ முகவரியைப் போட்டு அனுப்பலாம், நாளுக்கு 1,000 வெள்ளி வரை. சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தொடக்கத்திலேயே இதில் சேர்ந்தவை. அவசரத்துக்கு, மருத்துவச் செலவுக்கு, தங்கைப் பிறந்தநாளுக்கு என்று சிறு தொகைகளுக்கு நல்ல வழி. பெரிய தொகையென்றால் அனுப்பும் அன்று மாற்று விகிதத்தை இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிடுங்கள். ‘கட்டணம் இல்லை’ என்கிறவர்கள் விகிதத்தில் எடுத்துக்கொள்வார்கள், அதனால் கட்டணத்தைப் பார்க்காமல் கடைசியில் கையில் எத்தனை ரூபாய் சேரும் என்ற ஒரே எண்ணைப் பாருங்கள்.

இப்போது மோசடியைத் தடுக்கும் ஸ்கேம்ஷீல்டு. சந்தேகமான எண்ணோ இணைப்போ வந்தால் அதில் ஒட்டிப் பார்க்கலாம், மோசடி எண்களிலிருந்து வரும் அழைப்புகளையும் தடுக்கும். தயக்கமாக இருந்தால் 1799ஐ அழைத்துக் கேட்கலாம். அரசாங்க அமைப்புகளின் எஸ்எம்எஸ் 2024 ஜூலை முதல் பெரும்பாலும் ‘கவ் டாட் எஸ்ஜி’ என்ற ஒரே பெயரில்தான் வருகிறது, அதுவும் ஒரு அடையாளம்.

ஆனால் நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது எஸ்எம்எஸ்ஸில் இல்லை, ஏபிகே கோப்பில், அதாவது செயலிக் கடைக்கு வெளியே கோப்பாக வந்து நிறுவப்படும் செயலியில். ஆண்டிராய்டுக்கு மட்டும் உள்ள சிக்கல் இது. சமூக ஊடகத்தில் மலிவு விலை டுரியான் சுற்றுலா, கடல் உணவு, வீடு சுத்தம் செய்யும் சேவை என்று விளம்பரம் வரும். செய்தி அனுப்பினால் அன்பாகப் பேசி, ‘எங்கள் செயலியில் முன்பதிவு செய்யுங்கள்’ என்று வாட்ஸ்அப்பிலேயே ஒரு கோப்பை அனுப்புவார்கள். ஐந்து வெள்ளிதான் முன்பணம் கேட்பார்கள். நிறுவியதும் அணுகல்தன்மை அனுமதி கேட்கும், கொடுத்தீர்களோ, உங்கள் திரையை அவன் பார்க்கிறான், உங்கள் விரலாகத் தட்டவும் செய்கிறான். கூகல் இந்த மாதிரிக் கோப்புகளைத் தடுக்கும் பாதுகாப்பை 2024 பிப்ரவரியில் முதலில் சோதித்தது சிங்கப்பூரில்தான் என்பதிலிருந்தே நிலவரம் விளங்கும். டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி மூன்றும் 2023 நவம்பரில் பணத்தைப் பூட்டி வைக்கும் வசதி கொண்டுவந்தன, பூட்டிய தொகையை இணையம் வழியாக யாரும் நகர்த்த முடியாது, நீங்களும்தான். மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்துவிட்டு மிச்சத்தைப் பூட்டுங்கள். பெற்றோர் கணக்கென்றால் இன்றே உட்கார்ந்து செய்துகொடுங்கள், பத்து நிமிட வேலை.

சில்லறை வேலைகள்

கடிதம், படிவத்தை ஸ்கேன் செய்யத் தனிச் செயலி வேண்டாம். ஐபோனில் நோட்ஸுக்குள்ளேயே இருக்கிறது, ஆண்டிராய்டில் கூகல் டிரைவின் கேமரா சின்னம் அதே வேலையைச் செய்யும், பக்கத்தின் ஓரங்களைத் தானே வெட்டி பிடிஎஃப் ஆக்கிவிடும். காசு கேட்கும் ஸ்கேன் செயலிகள் இதைவிட அதிகமாக ஒன்றும் செய்வதில்லை.

கூகல் லென்ஸ் இந்த ஊரில் நிஜமாகவே தேவை. பேரங்காடியில் சீன எழுத்து மட்டும் போட்ட சாஸ் புட்டியில் என்ன கலந்திருக்கிறது என்று கேமராவைக் காட்டினால் திரையில் மொழிபெயர்த்துக் காட்டும். மொழிபெயர்ப்பு அரைகுறையாகத்தான் இருக்கும், ஒருமுறை சோயா சாஸை ‘பழைய தலை’ என்று காட்டியது, ஆனாலும் பன்றிக்கொழுப்பு இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குக் கைகொடுக்கும். அதையும் முழுதாக நம்பி வாங்காதீர்கள், ஹலால் முத்திரை வேண்டியவர்கள் முத்திரையையே பாருங்கள். தொழுகை நேரத்துக்குச் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் முஸ்லிம்எஸ்ஜி இருக்கிறது.

மின்தூக்கி பக்கத்தில் விளக்கு எரியவில்லை, நடைபாதையில் ஓடு பெயர்ந்திருக்கிறது, கீழே யாரோ பழைய மெத்தையைப் போட்டுவிட்டார்கள், இதெல்லாம் ஒன்சர்வீஸில். எந்த அமைப்பின் பொறுப்பு என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவேண்டாம், படம் எடுத்து, இடத்தைக் குறித்து அனுப்பினால் அதுவே உரிய இடத்துக்குப் போகும். படத்தை இரண்டாக எடுங்கள், ஒன்று பக்கத்தில், ஒன்று புளோக் எண் தெரிகிற மாதிரித் தூரத்தில்.

உயிர்காப்பு முதலுதவி பயின்றிருந்தால் குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டரையும் போட்டு வையுங்கள். 400 மீட்டருக்குள் யாருக்காவது இதயத்துடிப்பு நின்றுவிட்டது என்று தகவல் வந்தால் உங்களை அழைக்கும், பக்கத்தில் உயிர்காப்பு மின்னதிர்வுக் கருவி எங்கே இருக்கிறது என்றும் காட்டும். இந்த ஒன்றுக்கு மட்டும் என் இரண்டு நிமிடக் கணக்கு பொருந்தாது, மாதக்கணக்கில் தொடாமலேயே இருந்தாலும் அழிக்கமாட்டேன்.

எதை நிறுவினாலும் முதல்முறை திறக்கும்போது கேட்கும் அனுமதிகளை வரிசையாக ‘சரி, சரி’ என்று தட்டிக்கொண்டே போகாதீர்கள். பேருந்துச் செயலி இருப்பிடம் கேட்டால் நியாயம், அதையும் பயன்படுத்தும்போது மட்டும் என்று கொடுங்கள். நாள்காட்டிச் செயலி ஒன்று என்னிடம் தொடர்புப் பட்டியலைக் கேட்டது. ராகுகாலம் பார்க்க என் மேலாளரின் எண் எதற்கு? அன்றே தூக்கினேன்.

தீபாவளிக்கு முன்னால் வீடு சுத்தம் செய்வது மாதிரி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாச் செயலிகளையும் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன். போன வாரம் அம்மாவின் கைப்பேசியைப் பார்த்தபோது கைவிளக்குச் செயலி மட்டும் மூன்று இருந்தது. எதற்கு என்று கேட்டால், ‘ஒன்று போனால் இன்னொன்று வேண்டாமா’ என்றார். கைப்பேசியிலேயே கைவிளக்கு இருக்கிறது என்று மேலிருந்து இழுத்துக் காட்டினேன். ‘இதை ஏன் நீ முன்னாடியே சொல்லல?’

இரண்டை அழிக்கவிட்டார். ஒன்றை விடவே இல்லை.